ஒரு சாக்ஸைக்கூடத் திருப்பிக் கொடுக்காதவருக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கேள்வி: பாஸ்டன் பக்கம் இருக்கும் என் மாமா, துணிமணி, பூட்ஸ் விற்கும் எல்.எல்.பீன் கடையின் பெயரை எடுத்தாலே முகம் சுளிக்கிறார். எத்தனை வருடம் கழித்தும் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றிருந்ததை 2018-ல் நிறுத்திவிட்டார்களாம். ஆனால் 20 வருடத்தில் அவர் அங்கே ஒரு சாக்ஸைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. பிறகு எதற்கு இந்தக் கோபம்? மற்ற கடைகள் இப்படிச் செய்தபோதும் ஜனங்கள் இப்படித்தான் கோபப்பட்டார்களா?

பதில்:

உங்கள் மாமா மட்டும் இல்லை. அந்த அறிவிப்பு வந்த சமயத்தில் கோபமாகப் பேசியவர்களில் பலர், அந்தச் சலுகையை ஒருமுறைகூடத் தொடாதவர்கள். "நான் எதையும் திருப்பிக் கொடுத்ததே இல்லை, ஆனாலும்..." என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். வெளியே நின்று பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும். பயன்படுத்தாத ஒன்று போனதில் என்ன நஷ்டம்? ஆனால் அந்தக் கடையின் கதை தெரிந்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பது புரியும். கடை பக்கமும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

கதை 1912-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் மாநிலம், அதில் ஃப்ரீபோர்ட் என்ற சிற்றூர். வேட்டைக்குப் போகும்போதெல்லாம் கால் நனைந்துபோகிறதே என்று லியான் லியான்வுட் பீன் என்பவருக்கு எரிச்சல். அடியில் ரப்பர், மேலே தோல் என்று ஒரு பூட்ஸ் செய்யவைத்தார். வெளி மாநிலங்களிலிருந்து வந்து மெயினில் வேட்டை உரிமம் எடுத்தவர்களின் பட்டியலைப் பிடித்து, அவர்களுக்குத் தபாலில் விளம்பரம் அனுப்பினார். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்றும் எழுதியிருந்தார். முதலில் விற்றது 100 ஜோடி. அதில் 90 ஜோடி திரும்பி வந்துவிட்டது. ரப்பரும் தோலும் சேரும் இடத்தில் தையல் பிய்ந்துபோயிற்று. மனிதர் சொன்னபடி எல்லாருக்கும் பணத்தைக் கொடுத்தார், கடன் வாங்கி பூட்ஸைச் சரிசெய்தார், மறுபடியும் விற்றார்.

அந்த 90 ஜோடிதான் அந்தக் கடையின் தலபுராணம். நூறு வருடமாக விளம்பரத்திலும் கேட்டலாக்கிலும் அதைச் சொல்லிச் சொல்லியே கடை வளர்ந்தது. 1916-ல் கடைச் சுவரில் பீன் ஒரு அறிவிப்பு மாட்டினார். பொருள் தேய்ந்து தீர்ந்த பிறகும் வாங்கியவர் திருப்தியாக இருந்தால்தான் அந்த விற்பனை முடிந்ததாகக் கருதுவேன் என்பது அதன் சாரம்.

இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பொருள் தேயும் என்பதை அது ஒத்துக்கொள்கிறது. பல வருடம் போட்டுத் தேய்த்த பிறகு, "கொடுத்த காசுக்கு உழைத்தது" என்று வாங்கியவர் நினைக்க வேண்டும் என்பதுதான் பீன் சொன்னது. தேய்ந்ததைக் கொண்டுவந்தால் புதுசு தருகிறேன் என்று அவர் எழுதவில்லை. ஆனால் அப்படியும் படிக்க முடியும் இல்லையா? அந்த இரண்டு வாசிப்புக்கும் நடுவில்தான் பின்னால் வந்த தகராறு முழுவதும் நடந்தது. உண்மையைச் சொன்னால், இரண்டாவது மாதிரி யாராவது படித்துக்கொண்டாலும் கடை வெகுகாலம் மறுக்கவில்லை. எந்த வருடம் வாங்கியிருந்தாலும், பில் இல்லாவிட்டாலும், வாங்கிக்கொண்டார்கள். மறுக்காமல் இருந்ததே பெரிய விளம்பரமாயிற்று.

அப்புறம் என்ன ஆகும்? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சிலர் கிளம்பினார்கள். பத்துப் பதினைந்து வருடம் உடுத்திக் கிழிந்த சட்டையைக் கொடுத்துப் புதிது கேட்டார்கள். யார்டு சேல் எனப்படும் வீட்டு வாசல் விற்பனையில் யாரோ போட்டுத் தேய்த்த பீன் சாமான்களைச் சில்லறைக் காசுக்கு வாங்கி, நேரே கடைக்குக் கொண்டுபோய்ப் பணமாக்கினார்கள். திரும்பி வந்து, மறுபடி விற்க முடியாமல் அழிக்க வேண்டியதாகப் போன பொருட்களால் மட்டும் ஐந்து வருடத்தில் 25 கோடி டாலர் நஷ்டம் என்று கம்பெனி கணக்குச் சொன்னது. அப்போது அவர்களின் வருட விற்பனை சுமார் 160 கோடி டாலர். வருடத்துக்கு 5 கோடி என்று வைத்தால், விற்பனையில் 3 சதவீதம். துணிக்கடை நடத்துகிறவரிடம் கேளுங்கள், அந்த 3 சதவீதம் எங்கே வலிக்கும் என்று சொல்வார். அதற்கு முந்தைய வருடமே செலவைக் குறைக்க ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்க ஆரம்பித்திருந்த நேரம் அது.

2018 பிப்ரவரி 9-ஆம் தேதி, நிறுவனரின் கொள்ளுப்பேரனும் தலைவருமான ஷான் கோர்மன், வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இனி வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம், அதுவும் வாங்கியதற்கு அத்தாட்சி வேண்டும். ஒரு வருடம் தாண்டினால், துணியிலோ தையலிலோ குறை இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வார்கள். கூடவே எவையெல்லாம் எடுத்துக்கொள்ளப்படாது என்று ஒரு பட்டியல்: நாய் பூனை கடித்தவை, தீயிலோ வெள்ளத்திலோ பாழானவை, லேபிள் இல்லாதவை, அளவுக்கு மீறித் தேய்ந்தவை, துப்பாக்கித் தோட்டாக்கள். வேட்டைக்காரர் தொடங்கிய கடை என்பதால் தோட்டாவும் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறது!

ஒரு வருடம் என்பது இன்றைக்கும் தாராளம்தான். பெரும்பாலான அமெரிக்கக் கடைகளில் 30 நாள், மிஞ்சினால் 90 நாள். ஆகவே விதியை மட்டும் பார்த்தால் இவ்வளவு கோபத்துக்கு இடமில்லை. வலித்தது அந்தக் கடிதம் என்பது என் எண்ணம். சிறிய அளவிலான, ஆனால் பெருகிவரும் ஒரு கூட்டம் எங்கள் உத்தரவாதத்துக்கு அதன் நோக்கத்தைத் தாண்டி அர்த்தம் கற்பிக்கிறது என்று கோர்மன் எழுதினார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அதை யாருக்கு எழுதினார்? அந்தக் கூட்டத்துக்கும் எழுதினார், உங்கள் மாமாவுக்கும் எழுதினார். வகுப்பில் நாலு பேர் காப்பியடித்ததற்கு ஐம்பது பேரையும் எழுந்து நிற்கச் சொன்ன வாத்தியார் ஞாபகம் வருகிறதா? காப்பியடித்தவன் சிரித்துக்கொண்டே நிற்பான். அடிக்காதவனுக்குத்தான் காது சூடாகும்.

தமிழில் காசுக்கும் நாணயம் என்கிறோம், நேர்மைக்கும் நாணயம் என்கிறோம். கேள்வி கேட்காமல் திரும்ப வாங்கிக்கொள்கிற கடை, "உங்கள் வாய்ச்சொல்லே எனக்குப் பில்" என்று சொல்கிறது. 20 வருடம் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு எதையும் திருப்பிக் கொடுக்காமல் இருந்ததில் உங்கள் மாமாவுக்கு ஒரு பெருமிதம் இருந்திருக்கும். "நினைத்தால் கொடுக்கலாம், ஆனால் கொடுக்கமாட்டேன்." கொடுக்கலாம் என்பது போனதும், கொடுக்கமாட்டேன் என்பதற்கும் மதிப்பில்லாமல் போயிற்று. அவர் இழந்தது அதைத்தான்.

படிக்கிற காலத்தில் ஒரு பெரிய கடையின் ரிட்டர்ன் கவுண்டரில் நான் பகுதிநேரமாக நின்றிருக்கிறேன். பெயர் வேண்டாம். அங்கே கண்ட ஒரு விஷயம் இன்றைக்கும் மறக்கவில்லை. நியாயமான காரணத்தோடு வருகிறவர்தான் தயங்கித் தயங்கி வருவார், கேட்காமலே ஐந்து நிமிடம் விளக்கம் சொல்வார், வியர்ப்பார். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டு, செண்ட் வாசனையோடு கோட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறவர் நிதானமாக வந்து, "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று என்னையே கேட்பார். விதியை இறுக்கிய பிறகு என்ன நடந்தது தெரியுமா? இரண்டாம் ஆள் புது விதியை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். முதல் ஆள் வருவதையே நிறுத்திவிட்டார்.

நம்மவர்களையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கும்போது மெத்தையும் குளிர்கோட்டும் வாங்கி, அவர்கள் விமானம் ஏறியதும் திருப்பிக் கொடுக்கிற சாமர்த்தியத்தை விருந்துகளில் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டுச் சிரித்தும் இருக்கிறேன்.

சரி, கோபப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகக் கோபப்படவில்லை. மனம் புண்பட்டவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தரத்தைப் பற்றிக் கேட்டவர்கள். பீன் பூட்ஸ் இன்றும் மெயினில்தான் தைக்கப்படுகிறது. ஆனால் சட்டை, ஜாக்கெட் என்று மற்றதில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தயாரிப்பு. "பழைய சரக்கு நீடித்து உழைத்தது, அதனால் உத்தரவாதம் கொடுக்க முடிந்தது. இப்போது உழைக்காது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது, அதனால் நிறுத்துகிறார்கள்" என்பது அவர்கள் வாதம். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. கடைக்காரர் கொடுக்கும் உத்தரவாதம், தன் சரக்கைப் பற்றி அவரே சொல்லும் சாட்சி. அதை அவரே சுருக்கினால் வாங்குகிறவர் வேறு எப்படி நினைப்பார்? கம்பெனி என்ன காரணம் சொன்னாலும், இந்தச் சந்தேகம் கிளம்பத்தான் செய்யும். போதாததற்கு, அதே சமயம் எல்லா ஆர்டருக்கும் இருந்த இலவச டெலிவரியையும் 50 டாலருக்கு மேல் என்று மாற்றினார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவருக்கு, இது திருடனைப் பிடிக்கிற வேலையா, செலவைக் குறைக்கிற வேலையா என்று கேட்கத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

மூன்றாவது ரகம் கோர்ட்டுக்குப் போனது. அறிவிப்பு வந்த சில நாளிலேயே சிகாகோ ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, பிறகு வேறு மாநிலங்களிலும். நான் கொடுத்த விலையில் அந்த வாழ்நாள் வாக்குறுதிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன், விற்றுவிட்டுப் பிறகு வாக்கை மாற்ற முடியாது என்பது வாதம். பிப்ரவரி 9-க்கு முன் வாங்கியவற்றுக்கு இந்த ஒரு வருட வரம்பு கிடையாது, வாங்கிய அத்தாட்சி இருந்தால் போதும் என்று கம்பெனி பதில் சொன்னது. சட்டப்படி கெட்டிக்காரத்தனமான பதில். ஆனால் பில்லே வேண்டாம் என்று இத்தனை காலம் சொன்ன கடையின் பில்லை எவர் 15 வருடம் பத்திரமாக வைத்திருப்பார்? தபாலில் ஆர்டர் செய்தவர்களின் கணக்கு கடையிலேயே பல சமயம் இருக்கும். ஃப்ரீபோர்ட் கடைக்குப் போய் ரொக்கம் கொடுத்து வாங்கியவர் கதி அதோ கதிதான்.

கடைக்காக வாதாடியவர்களும் நிறைய உண்டு. "இவ்வளவு நாள் தாங்கியதே அதிசயம், யார்டு சேல் ஆசாமிகளால்தான் இப்படி" என்றார்கள். இவர்கள் கோபம் கடையைத் தாண்டி சக வாடிக்கையாளர் மேல் போயிற்று.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எல்லாக் கடைக்கும் இதே எதிர்வினை வரவில்லை. மூன்று உதாரணம் சொல்கிறேன்.

மலையேற்றச் சாமான்கள் விற்கும் ஆர்.இ.ஐ., சியாட்டிலில் 1938-ல் தொடங்கிய கூட்டுறவுக் கடை. அங்கேயும் காலவரையில்லாத ரிட்டர்ன் இருந்தது. அந்த மூன்று எழுத்துக்கு "எல்லாவற்றையும் திருப்பிக் கொடு" (Return Everything Inc.) என்று கேலியாக விரிவு சொல்கிற அளவுக்குப் பேர் போனது. 2013-ல் அதை ஒரு வருடம் என்று சுருக்கினார்கள். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் பீனுக்கு வந்த அளவு மனக்கசப்பு வரவில்லை. ஏன்? அது கூட்டுறவு. உறுப்பினருக்கு வருடாவருடம், வாங்கியதற்கு ஏற்றபடி பங்கு கிடைக்கும். ஒருவர் பத்து வருடம் போட்ட பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தால், பாதிக்கப்படுவது நம் பங்கு என்று எல்லாருக்கும் தெரியும். இன்னொன்றை இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். திரும்பி வந்த சாமான்களை ஆர்.இ.ஐ. உறுப்பினர்களுக்கே மலிவு விலையில் விற்றுவந்தது. ஒவ்வொன்றிலும் ஏன் திரும்பி வந்தது என்று ஒரு அட்டையில் எழுதியிருக்கும். விடியற்காலையில் வரிசையில் நின்று உள்ளே போனவர்கள், அடி முழுக்கத் தேய்ந்த ஷூவையும் அதில் தொங்கும் நொண்டிச் சாக்கையும் படித்துப் படித்துச் சிரித்தவர்கள். ஏமாற்றுகிறவர்களின் கைவரிசையைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தவர்களுக்குக் கடைக்காரர் கடிதம் எழுதி விளக்க வேண்டியதே இல்லை. பீன் வாடிக்கையாளருக்கு அந்தக் காட்சி கிடைக்கவில்லை. திரும்பி வந்த கந்தல் எல்லாம் கொல்லைப்புறமாகப் போய் அழிந்தது. அவர் கண்டது கடைசியில் வந்த கடிதத்தை மட்டும்.

உறுப்பினர்களுக்கு மொத்தமாக விற்கும் பெரிய கடையான காஸ்ட்கோ இன்னும் சாமர்த்தியமாகச் செய்தது. டி.வி., கம்ப்யூட்டர், கேமரா எதையும் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்றிருந்தது. டி.வி. விலை மாதத்துக்கு மாதம் சரிந்துகொண்டிருந்த காலம். இரண்டு வருடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, அதே காசுக்குப் பெரிய டி.வி. வாங்கிப் போனார்கள். அந்தக் கணக்கு எந்தக் கடைக்கும் தாங்காது. 2007-ல் மின்னணுச் சாமான்களுக்கு மட்டும் 90 நாள் என்றார்கள். கூடவே தயாரிப்பாளரின் வாரண்டியை இரண்டு வருடமாக நீட்டினார்கள், டி.வி.யைப் பொருத்தத் தெரியாதவர்களுக்குப் போனில் இலவச உதவியும் கொடுத்தார்கள். ஒரு கையால் எடுத்ததை இன்னொரு கையால் கொஞ்சம் திருப்பிக் கொடுத்த மாதிரி. மெத்தை முதல் உணவுப்பொருள் வரை மற்ற பெரும்பாலானவற்றுக்கு இன்றும் அங்கே காலக்கெடு இல்லை. அதனால் 2007 மாற்றத்தை இன்று பலருக்கு ஞாபகம்கூட இல்லை.

ஜாரா என்ற துணிக்கடை 2022-ல் பிரிட்டனில், ஆன்லைனில் வாங்கியதைத் தபால் மையம் வழியாகத் திருப்பி அனுப்ப 1.95 பவுண்டு என்று கட்டணம் போட்டது. அதற்கு வந்தது பஸ் கட்டணம் ஏறினால் வருகிற மாதிரியான எரிச்சல்தான். ஜாரா யாரிடமும் தலபுராணம் சொல்லி விற்கவில்லையே.

தாராள ரிட்டர்ன் என்பது வெறும் நஷ்டம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இதைப் பற்றி முன்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை 2016-ல் வந்தது. விதி தளர்ந்தால் திரும்பி வருவதும் கூடும், விற்பனையும் கூடும், ஆனால் விற்பனைதான் அதிகமாகக் கூடுகிறது என்பது அதில் ஒரு முடிவு. எனக்குப் பிடித்தது வேறொன்று. காலக்கெடுவை நீட்டினால், திரும்பி வருவது குறைகிறதாம். யோசித்தால் சரிதான். 14 நாள்தான் என்றால் பொருள் பெட்டியோடு வாசலிலேயே இருக்கும், பதின்மூன்றாம் நாள் பதற்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். அவகாசம் இருந்தால் பீரோவுக்குள் போய்விடும், ஒட்டிக்கொண்டுவிடும், நமதாகிவிடும்.

அப்படியென்றால் பீன் செய்தது தப்பா? எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. 3 சதவீதத்தை நேர்மையானவர்கள் தலையில் ஏற்றி விலையை உயர்த்துவது அதைவிட மோசம். ஆனால் தொடர்ந்து ஏமாற்றுகிறவர்களை அடையாளம் கண்டு அவர்களுக்கு மட்டும் மறுக்க முடிந்திருக்கும், புது விதியிலேயே அப்படி ஒரு வரி இருக்கிறது. அதை இருபது வருடம் முன்னால் எழுதியிருந்தால் உங்கள் மாமாவுக்கு இந்தக் கடிதம் போயிருக்க வேண்டியதில்லை. கண்டும் காணாமல் இருந்து பெயர் வாங்கிய கடை, கண்ணைத் திறந்த அன்று எல்லாரையும் முறைத்தது.

மாமா இனி அங்கே வாங்கினால், பெயரில் ஒரு கணக்குத் திறந்து அதன் மூலம் வாங்கச் சொல்லுங்கள், பில் தேட வேண்டியிருக்காது. ஒரு வருடம் கழித்துத் தையல் விட்டாலும் கொண்டுபோய்க் காட்டலாம், பார்ப்பார்கள். வீட்டில் பழைய பீன் பூட்ஸ் அடி தேய்ந்து கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். மெயினுக்கு அனுப்பினால் மேல்தோலை வைத்துக்கொண்டு புது ரப்பர் அடி தைத்துத் தருகிறார்கள், காசு வாங்கிக்கொண்டுதான்.